பொம்மைக் குதிரைக்குச் சுருட்டை முடி

கேள்வி: என் மகளுடைய பொம்மைக் குதிரையின் பிடரி முடி சிக்குப் பிடித்து விளக்குமாறு மாதிரி நிற்கிறது. நான் தலைமுடிக்குப் பயன்படுத்தும் கர்லிங் அயர்னாலேயே சுருட்டிவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்த முடி பெரும்பாலும் நைலான். சூடான இரும்பு பட்டால் உருகிக் கட்டியாகிவிடும், அப்புறம் கத்தரிக்கோல்தான் வழி. முதலில் ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சிக்கெடுங்கள், எடுத்த எடுப்பில் வேரிலிருந்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். ஈரம் இருக்கும்போதே சிறு சிறு கற்றையாகப் பிரித்து, நுனியிலிருந்து ஸ்ட்ராவில் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டி, அதன் மேல் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள் (இது உங்கள் வேலை, மகளிடம் விடாதீர்கள்), உடனே குளிர்ந்த நீர். சூட்டில் இளகிய நைலான் ஆறும்போது அந்த வளைவிலேயே நின்றுவிடும். நன்றாகக் காயும்வரை அவிழ்க்காதீர்கள், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பாலிபுரோப்பிலீன் (இன்னொரு வகை பிளாஸ்டிக் இழை) முடியென்றால் சுருள் அவ்வளவாக நிற்காது. பழைய குதிரையா? உடம்புக்குள் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். சிலவற்றில் வாலை உள்ளே ஓர் உலோக வளையம்தான் பிடித்திருக்கும், அது துருப்பிடித்தால் கறை வால் முடியிலும் ஏறும்.