மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப் பட்டணத்தில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு: எல்லா இனத்தவரும் தயங்காமல் சாப்பிட என்ன செய்ய வேண்டும்?

தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைத்து எல்லோரையும் உபசரிக்கும் திறந்த இல்லத்துக்கு நூறு பேர் வருவார்கள், அதில் மலாய்க்காரர், சீனர், எஸ்டேட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களும் உண்டு, எல்லோரும் தயங்காமல் சாப்பிட என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மெனுவை அப்புறம் பார்க்கலாம். முதலில் சட்டி பானையைப் பாருங்கள்.

பன்றி இறைச்சி சமைத்த குவாலியோ (வாணலியோ) கரண்டியோ அன்று அடுப்படிக்கே வரக்கூடாது. நன்றாகக் கழுவிவிட்டோம் என்று சொல்வது முஸ்லிம் விருந்தாளிக்குப் போதாது. கோழியை ஹலால் கடையிலேயே வாங்குங்கள். சோயா சாஸ், சிப்பி சாஸ் பாட்டில்களிலும் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மாட்டிறைச்சி வேண்டாம். நம்மவர் மட்டுமல்ல, நேப்பாளிகளில் பெரும்பாலோரும், குவான் யின் அம்மனை வழிபடும் சீனர்கள் பலரும் அதைத் தொடுவதில்லை. பீர் இருக்கும் மேசையில் மலாய்க் குடும்பங்கள் உட்காரத் தயங்கும், அதனால் அதையும் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவையும் சரிசெய்துவிட்டால் வந்தவர்கள் ஒவ்வொரு தட்டையும் காட்டி "இது என்ன, அது என்ன?" என்று கேட்கத் தேவையிருக்காது. விருந்துக்கு அழகே அதுதான்.

இனி அளவு. நூறு பேருக்குப் பிரியாணி மட்டும் என்றால் 10 கிலோ அரிசி வேண்டும். சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), பீஹூன் (அரிசிச் சேமியா), பலகாரம் எல்லாம் இருக்கும்போது 7 கிலோ பாஸ்மதி தாராளம். ஒரே அண்டாவில் போடாதீர்கள். அடி பிடித்து மேலே அரிசி வேகாமல் நிற்கும். மூன்றரை கிலோவாக இரண்டு முறை வையுங்கள். எலும்போடு கோழி 12 கிலோ, சாத்தே 400 குச்சி. மலாய் மசாலா இறைச்சிக் கறியான ரெண்டாங்கை ஒரு மலாய்க் குடும்பத்திடமே சொல்லிவிடுங்கள், கோழி ரெண்டாங் என்று தெளிவாகச் சொல்லி. நீர் சுண்ட வதக்குவதால் அது எளிதில் கெடாது. நம் குருமா அப்படியில்லை: தேங்காய்ப்பால் சேர்ந்தபின் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். அதனால் மசாலாவையும் கோழியையும் முதலில் வேகவைத்துவிட்டு, பாலைப் பரிமாறும் நேரத்தில் பாதி பாதியாக ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். முறுக்கு போன்ற உலர்ந்த பலகாரம் தவிர, சமைத்து நான்கு மணி நேரம் வெளியில் இருந்த எதையும் பரிமாறாதீர்கள்.

சாத்தேக்குத் தொட்டுச் சாப்பிடும் நாசி இம்பிட் (இறுக்கிய சோற்றுக் கட்டி) பொட்டலங்களை முதல் நாளே வேகவைக்க வேண்டும். பொட்டலம் தண்ணீரில் முழுக்க மூழ்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்பக்கம் அரிசியாகவே நிற்கும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நன்றாக ஆறியபின் வெட்டினால்தான் கத்தியில் ஒட்டாது. பீஹூன் 4 கிலோ போதும். வளையும் பதம் வந்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள், ஊறிப்போனால் குவாலியில் நொறுங்கும். சைவச் சீனர்களுக்காக அதில் ஒரு பங்கைப் பூண்டு, வெங்காயம், முட்டை, சிப்பி சாஸ் எதுவும் இல்லாமல் தனியாகக் கிண்டுங்கள்.

நேப்பாளிகளுக்கும் ஏறக்குறைய அதே நாட்களில் திஹார் என்ற தீபத் திருவிழா. அவர்களின் பலகாரமான செல் ரொட்டி சுட ஓர் அடுப்பை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஊறவைத்து அரைத்த அரிசி, சர்க்கரை, நெய் சேர்ந்த மாவை வளையமாக எண்ணெயில் ஊற்றுவார்கள். மாவு நீர்த்திருந்தால் வளையம் அறுந்துவிடும், கெட்டியாக இருந்தால் உள்ளே வேகாது. முறுக்குத் தட்டுக்குப் பக்கத்திலேயே அதையும் வையுங்கள்.

இசைக்கு வரிசைதான் முக்கியம். மலாய்க்காரரின் கைப்பறையான கொம்பாங் முதலில், நம் உறுமி அடுத்து, சிங்க நடன முரசும் தாளமும் கடைசியில். மாற்றி வைத்தால், முரசு கேட்ட காதுக்குக் கொம்பாங்கின் மெல்லிய தோல் ஒலி எடுபடாது. எல்லோரும் சேர்ந்து ஆட ஜோகேட் என்ற மலாய் நடனம் நல்லது. அதில் ஜோடிகள் தொட்டுக்கொள்வதில்லை, ஆகவே கூச்சமின்றி இறங்குவார்கள். தொழுகை அழைப்பு கேட்டதும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். தொழ ஒரு சுத்தமான அறையும் குழாய்த் தண்ணீரும் இருந்தால் விருந்தாளிகள் பாதியில் எழுந்து போக வேண்டியதில்லை.

அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை சகஜம். கூடாரத்துக்குப் பக்கத் துணி கட்டி, மின்கம்பிகளைத் தரையில் விடாமல் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். மழை ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், வாத்தியங்களை வீட்டுக்குள் வையுங்கள்.

கிளம்புகிறவர்களுக்குத் தாபாவ் (வீட்டுக்கு எடுத்துப்போகும் பொட்டலம்) கட்டிக் கொடுப்பதானால் முறுக்கு, அதிரசம், செல் ரொட்டி மட்டும் போதும். மிஞ்சிய குருமாவைக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.