வீட்டிலேயே ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்ய எந்த ஐசி வாங்கலாம்?

உங்களிடம் 12-0-12 (நடு ஒயருக்கு இரு பக்கமும் 12 வோல்ட் தரும்), 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் போனிலிருந்து பாட்டுக் கேட்க வேண்டும். 4440, டிடிஏ2030, எல்எம்1875, எல்எம்3886, டிடிஏ7294 ஆகிய ஐந்து ஆம்ப்ளிஃபயர் ஐசிகளில் (சிப்) எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்எம்1875 வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. டிரான்ஸ்பார்மரோ ஸ்பீக்கரோ மாறினால் என் பதிலும் மாறும் என்பதால் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். பலரும் முதலில் ஐசியை முடிவு செய்துவிட்டு அப்புறம் அதற்கேற்ற சப்ளையைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்பீக்கரின் ஓம், டிரான்ஸ்பார்மரின் வோல்ட் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, ஐசியைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

12 வோல்ட் என்பது ஏசி அளவு. பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகள்) கெபாசிட்டரும் போட்டபின் அது 1.4 மடங்காகி 17 வோல்ட் ஆகிறது. டயோடில் கொஞ்சம் போனால் பிளஸ் 16, மைனஸ் 16 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் இருக்கும்போதுதான். பாட்டு ஓடாத நேரத்தில் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் பத்து சதவீதம், சில அதற்கும் மேலே ஏறி நிற்கும். அதோடு ராத்திரியில் லைன் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 245 வரை போவதும் நம் ஊரில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ±19 வோல்ட். டிடிஏ2030இன் உச்ச வரம்பு ±18. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வராமல் சும்மா ஆன் செய்து வைத்த நிலையிலேயே அது வரம்பு தாண்டி நிற்கும். டிடிஏ2030ஏ என்றால் ±22 வரை தாங்கும். எல்எம்1875 ±30 வரை தாங்கும். அந்த இடைவெளிதான் எனக்கு முக்கியம். நாளைக்கே 18-0-18 டிரான்ஸ்பார்மர் கிடைத்தாலும் அதே போர்டை வைத்துக்கொள்ளலாம்; கெபாசிட்டர்களை மட்டும் இப்போதே 35 வோல்ட் அளவில் போட்டுவிடுங்கள்.

சரி, எத்தனை வாட் கிடைக்கும்? ±16 வோல்ட்டில் ஐசி தனக்கென்று மூன்று, நான்கு வோல்ட்டை வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் போகும் உச்சம் 12 வோல்ட் என்று எடுத்தால், 12ஐ 12ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16ஆல் வகுங்கள்: 9 வாட். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒரு வாட்டில் 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் 9 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 96 டெசிபெல்லைத் தாண்டும். உங்கள் அறையில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய சத்தம் அது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 9ஐ 18 ஆக்குவதற்காகச் செலவு செய்ய வேண்டாம். கூடுதல் சத்தம்தான் தேவை என்றால் அந்தப் பணத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கரில் போடுங்கள்.

மற்ற நான்கில் 4440 எனக்குப் பிடித்த ஐசிதான். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது ஒற்றை சப்ளையில், 13 வோல்ட் அளவில் ஓடுவதற்காகச் செய்தது. உங்கள் 12-0-12க்குப் பொருந்தாது. பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்து) 19 வாட் என்று அதற்குச் சொல்லப்படுவது 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு, அதாவது ஒலிச் சிதைவோடு, எடுத்த அளவு. எல்எம்1875க்கு 20 வாட்டில் 0.015 சதவீதம். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) வாட்டைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் இந்தச் சதவீதத்தையும் பாருங்கள்.

எல்எம்3886 மிக நல்ல ஐசி, ஆனால் ±16 வோல்ட்டில் அதன் திறமையில் பாதிகூட வெளியே வராது. 18-0-18க்குப் போனால் அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் எட்டாவது காலிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர், ±25 வோல்ட்டுக்கு 33 கிலோ ஓம் போல, போட்டால்தான் மியூட் (சத்தத்தை அடக்கும் நிலை) விடுபடும். அது இல்லாமல் சத்தமே வராது. ஐசி போய்விட்டது என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள்.

டிடிஏ7294ஐ 100 வாட் என்று சொல்லி விற்கிறார்கள். அது 10 சதவீத டிஸ்டார்ஷனில் வரும் கணக்கு. அரை சதவீதத்தில் அதே டேட்டாஷீட் சொல்வது 70 வாட். இதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. ±35 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், மோசமான நிலையில் ஐசிக்குள்ளேயே 60 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து முதுகுத் தகடுவரை ஒரு வாட்டுக்கு 1.5 டிகிரி என்று வைத்தால், ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) தொடுவதற்கு முன்பே 90 டிகிரி ஏறிவிடுகிறது. மே மாத அறைச் சூடு 40. ஐசி தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது 150 டிகிரி அளவில். மிச்சம் இருக்கும் 20 டிகிரிக்குள் அடங்கும் ஹீட் சிங்க், ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி அளவில், வீட்டுப் பெட்டியில் அடங்காது. அதனால் 4 ஓம் என்றால் ±27, 8 ஓம் என்றால் ±35 என்று பிரித்துத்தான் அந்த ஐசியைப் பயன்படுத்த வேண்டும்.

உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ±18, 8 ஓம் என்றால் ஒரு எல்எம்1875 அதிகபட்சம் 8 வாட் சூடு தரும். இரண்டுக்கும் சேர்த்து வாட்டுக்கு 2 டிகிரி அளவிலான ஹீட் சிங்க் தாராளம். ஆனால் ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் மாட்டி, ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் சப்ளை ஷார்ட் ஆகும். மைக்காவின் இரண்டு பக்கமும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். திருகை இறுக்கியபின் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் வைத்து, பீப் ஒலி வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டேட்டாஷீட்டில் உள்ளபடியே 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போட்டால் கெயின், அதாவது சிக்னல் பெருகும் மடங்கு, 21 வரும். போனிலிருந்து 0.4 வோல்ட் வந்தாலே முழுச் சத்தம், அதனால் முன்னால் இன்னொரு சின்ன ஆம்ப்ளிஃபயர் (ப்ரீஆம்ப்) தேவையில்லை. இரைச்சலைக் குறைக்கலாம் என்று கெயினை 10க்குக் கீழே இறக்காதீர்கள். ஐசி தானாகவே அதிரத் தொடங்கி (ஆசிலேட் ஆகி), பாட்டே இல்லாமல் கொதிக்கும். அவுட்புட்டில் வரும் 1 ஓம், 0.22 மைக்ரோஃபாரட் ஜோடியையும், ஐசியின் கால்களை ஒட்டி வைக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட்களையும் விட்டுவிட வேண்டாம். ஹம் என்ற உறுமல் சத்தம் வராமல் இருக்க, ஸ்பீக்கர் கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாவற்றையும் பெரிய கெபாசிட்டர்களின் நடுப்புள்ளிக்குத் தனித்தனி ஒயராகக் கொண்டுவாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் இல்லாமல், பழைய லேப்டாப் அடாப்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டருக்கு டிபிஏ3116 போர்டுதான் என் தேர்வு. கிளாஸ் டி (வேகமாக ஆன், ஆஃப் ஆகி ஓடும் வகை) என்பதால் சூடு மிகக் குறைவு, 8 ஓமில் பக்கத்துக்கு 20 வாட் வரை வரும். அதில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்குவதோ கிரவுண்டில் சேர்ப்பதோ கூடாது.

போலி ஐசிகள் நிறைய வருகின்றன. மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பத்து ரூபாய் குறைவு என்பதற்காகக் கடையை மாற்றாமல், திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (230 வோல்ட் பக்கம்) ஃபியூஸோடு 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடுங்கள், ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி; பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்தி, மைக்காவையும் கெபாசிட்டர் திசையையும் பாருங்கள். பல்பு மங்கியபின் ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்ட் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள்.