அவசரத்துக்குத்தான் காசு அதிகம்: பயணக் கேள்வி பதில்

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வாசகர்களின் பயணச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. ஊட்டி போகலாம் என்று இரண்டு பேரும் நச்சரிக்கிறார்கள். வாடகைக் காருக்கு விசாரித்தோம், தொகையைக் கேட்டதும் ஆசையே விட்டுப்போச்சு. குறைந்த செலவில் போக வழி உண்டா? (வாசகி, திருப்பூர்)

உண்டு அம்மிணி. குழந்தைகளிடம் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

முதலில் நாளைச் சரியாகப் பாருங்கள். மலர்க்கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் ரூம் வாடகை பல மடங்கு ஏறிவிடும். தீபாவளிக்குக் கம்பெனி மூடும்போது போகலாமே என்று தோன்றும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது அடிக்கடி நடக்கும். காலாண்டுப் பரீட்சை லீவில், ஆயுத பூஜைக் கூட்டத்தோடு சேராமல், வார நாளாகப் பார்த்துப் போங்கள். வார நாளில் லீவு போட்டால் சம்பளம் போகும், தெரியும். இருந்தாலும் அந்த ஒரு நாள் சம்பளத்தையும் சனிக்கிழமை ரூம் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.

திருப்பூரிலிருந்து கோவைக்கு ரயில். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பாசஞ்சர் ரயில் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறுங்கள். ஐந்து வயது வரை அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, பையனுக்குச் செலவில்லை. மகளுக்கு அரை டிக்கெட். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வேலையும் இல்லை.

குழந்தைகள் கேட்பது மலை ரயிலைத்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை அது. முன்பதிவு சீக்கிரமே தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஏஜென்டிடம் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். அந்தத் துண்டுக்குத் தினமும் சில ரயில்கள் ஓடுகின்றன, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போகும். கொஞ்சம் முன்னாலேயே போய் வரிசையில் நின்றால் முன்பதிவில்லாத டிக்கெட் வாங்கலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தைப் பிடித்து ரயில் ஏறும் செங்குத்துப் பாதை இதில் வராது. அதுதான் இந்தப் பாதையின் பேரழகு, அதை விட்டுத்தான் போகிறீர்கள். ஆனால் நான்கு வயதுப் பையனை ஐந்து மணி நேரம் உட்கார வைப்பதை நினைத்தால், இந்த முறைக்கு இதுவே போதும் என்பேன்.

ராத்தங்க குன்னூரிலோ கோத்தகிரியிலோ ரூம் பாருங்கள். ஊட்டியில் ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், ஏரி எல்லாம் கிட்டக் கிட்ட. "ஏழு இடம் காட்டுகிறேன்" என்று கார்க்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏழு இடத்திலும் இறங்கி ஏறியே குழந்தைகள் களைத்துவிடும். தாவரவியல் பூங்காவில் அரை நாள் விடுங்கள், புல்வெளியில் உருண்டு விளையாடட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரே கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் வீட்டிலிருந்தே. குளிர் தாங்காமல் அங்கே வாங்குவது வீண் செலவு.

கேள்வி: எனக்கு 63 வயது, வீட்டுக்காரருக்கு 68. காசிக்குப் போக ஆசை. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை இன்னும் இருக்கிறதா? (வாசகி, காங்கேயம்)

இல்லை அக்கா. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். வயதானவர்கள் ஆயுளில் ஒரு தடவை போகும் பயணத்துக்கு அது எவ்வளவு பெரிய கை கொடுத்தது என்று எனக்குத் தெரியும், அதை எடுத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் திரும்ப வரட்டும் என்று காத்திருந்து வயதை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப்பக்கம் அறநிலையத்துறைக் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அரசு செலவில் அழைத்துப் போகும் ஆன்மிகப் பயணத் திட்டத்தை அந்தத் துறை 2022-23இல் தொடங்கியது. 60 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் வயது பொருந்துகிறது. அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

இடம் கிடைக்காமல் சொந்தமாகப் போவதானால் டிசம்பர், ஜனவரி வேண்டாம். வடக்கே மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், நடுவழியில் ஒரு ராத்திரி கூடினால் அதுவும் செலவுதான். பிப்ரவரி நல்லது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தங்கை குடும்பத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அந்த ஒதுக்கீடு கைநழுவிப் போகும்.

காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. 1863லிருந்து தமிழ் யாத்ரிகர்கள் வந்து தங்கும் இடம், நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும். முன்கூட்டியே பேசி இடம் சொல்லி வையுங்கள். ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கப் போர்ட்டருக்குக் கொடுக்கும் காசை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினால் வைத்தியச் செலவு அதைவிடப் பெரிது.

கேள்வி: பயணத்தில் ஓட்டல் சாப்பாட்டுக்கே பாதிப் பணம் போகிறது. கட்டுச்சோறு கெடாமல் இருக்க என்ன செய்யலாம்? (வாசகர், தாராபுரம்)

புளிச்சோறுதான் முதல் நாளுக்கு. நல்லெண்ணெயில் தாளித்து, வெங்காயம், தேங்காய் சேர்க்காமல், நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுப்போகும். அரிசியும் பருப்பும் சோறு நமக்கு உயிர், ஆனால் பயணத்துக்குத் தாங்காது, மதியத்துக்குள் சாப்பிடுவதாக இருந்தால் சரி. அடுத்த நாளுக்கு வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, பருப்புப்பொடி. வெறும் சோறு மட்டும் வெளியே வாங்கினால் பொடியும் எண்ணெயும் போதும்.

நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் ஓட்டல்களில் விலை அதிகம் என்று, குழந்தைகளோடு இறங்காமலே உட்கார்ந்திருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்குப்போசியில் எதையாவது கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று மனசு கேட்காது. கட்டுச்சோறு சாப்பிடக் கூச்சப்படவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறேன். பெங்களூரில் திங்கட்கிழமை இன்டர்வியூ. லாட்ஜ் செலவு மிச்சமாகும் என்று ராத்திரி வண்டியில் தனியாகப் போக நினைக்கிறேன். சரியா? (வாசகி, பெருந்துறை)

சரிதான் கண்ணு, ஒரு நிபந்தனையோடு. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதைவிட எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று பார். மூன்று மணிக்கு இறக்கிவிடும் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அந்த நேரத்தில் தெரியாத ஊரில் ஆட்டோவுக்குக் கேட்கிற காசும் அதிகம், பயமும் அதிகம். விடிந்து சேரும் ரயிலாகப் பிடி. ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, துணி மாற்றிக்கொள்ளலாம். பெட்டியைப் பொருள் பாதுகாப்பு அறையில் வைக்கலாம், பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், அதனால் ஒரு சின்னப் பூட்டு கொண்டுபோ. பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட், மெட்ரோவும் பக்கத்தில். ரெண்டு மூன்று இடம் போக வேண்டியிருந்தால் பி.எம்.டி.சி. என்ற நகர பஸ்ஸில் ஒரு நாள் பாஸ் வாங்கிக்கொள்.

இன்டர்வியூ காலை ஒன்பது மணிக்கே என்றால் ராத்திரி வண்டி வேண்டாம். தூங்காத முகத்தோடு போய் உட்காராதே. ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் கிளம்பி, பெண்கள் விடுதியில் ஒரு ராத்திரி தங்கு. அந்தச் செலவை அப்பாவிடம் தைரியமாகக் கேள், கொடுப்பார்.