ரூம்மேட் டோரண்ட் போட்டால் என் மீட்டிங் ஏன் தொங்குகிறது?

கேள்வி: காட்பாடி காந்திநகரில் ஒரு மாடி போர்ஷனில் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன் என் பெயரில் இருக்கிறது, மாதப் பணத்தை நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். எனக்கு பெங்களூர் கம்பெனியில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். கூட இருப்பவர்களில் இரண்டு பேர் காலேஜ் பையன்கள், டோரண்ட், கேம் என்று எந்நேரமும் ஏதாவது இறங்கிக்கொண்டே இருக்கும். மீட்டிங்கில் என் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று மேனேஜர் கடுப்பாகிறார். பையன்களைக் கேட்டால் “ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கண்ணா, இன்னும் 50 வருதே” என்கிறார்கள். போட்டுப் பார்த்தால் வரத்தான் செய்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா? இல்லை, அதிகம் இறக்குகிறவன் அதிகம் கொடுக்கட்டும் என்று சொல்லிவிடலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி. பாஸ்வேர்டை மாற்றினால் அடுத்த மாதம் முழு பில்லையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும், அதுதான் நடக்கும். முதலில் பையன்களோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டு ரூட்டரோடு சண்டை போடுங்கள்.

வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம். 50 மிச்சம் இருக்கும்போதே குரல் வெட்டுகிறது என்றால் உங்களுக்கு வேகம் பற்றாமல் இல்லை, உங்கள் குரல் போய்ச் சேரத் தாமதமாகிறது. டோரண்ட் இருக்கிறதே, அது கோப்பை இறக்கும்போதே இறக்கிய துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும், பையன் படம் முழுசாக இறங்கிவிட்டது என்று லேப்டாப்பை மூடாமல் காலேஜுக்குப் போய்விட்டாலும் அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றும் வேகம் சில பிளான்களில் இறக்கும் வேகத்துக்குச் சமமாக இருக்கும், சிலவற்றில் ரொம்பக் குறைவு, உங்கள் பிளானில் எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பாதை நிரம்பியதும் ரூட்டர் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. சாயங்கால நேரத்தில் கிரீன் சர்க்கிளில் சி.எம்.சி.க்குப் போகும் ஆம்புலன்ஸ் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் குரலுக்கும் அந்த நிலைமைதான். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ping -t 8.8.8.8 என்று அடித்து பிங் ஓட விடுங்கள், ஒரு சின்னச் செய்தி அந்த முகவரிக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். யாரும் எதுவும் இறக்காதபோது 10, 20 மில்லிசெகண்ட் என்று காட்டும். அப்படியே ஓடட்டும், பையனை டோரண்ட்டைப் போடச் சொல்லுங்கள். எண் 300, 500 என்று எகிறினால் நான் சொன்ன வியாதிதான், அவனும் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துவிடுவான், அதற்கப்புறம் ஸ்பீட் டெஸ்டைக் காட்ட மாட்டான். ஒன்றே ஒன்று, அதற்கு முன்னால் ரூட்டரின் சொந்த முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) ஒருமுறை பிங் போடுங்கள். அதுவே தாறுமாறாகக் குதித்தால் கோளாறு வைஃபையில். அப்போது டோரண்ட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, ஹாலிலிருந்து உங்கள் மேஜைக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் போர்ஷனுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். எப்படியும் வேலை பார்க்கிற மேஜைக்குக் கேபிள் இருப்பது நல்லது.

இப்போது வைத்தியம். காசில்லாத வைத்தியம் பையனின் லேப்டாப்பில் இருக்கிறது. டோரண்ட் மென்பொருளின் செட்டிங்ஸில் ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போடும் இடம் இருக்கும், அங்கே பூஜ்யம் போட்டிருந்தால் பெரும்பாலும் வரம்பே இல்லை என்று அர்த்தம். உங்கள் பிளானில் ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் அதில் கால் பங்குக்கு மேல் விடாதீர்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பிளானில் கணக்கு மெகாபிட், மென்பொருளில் கணக்கு கிலோபைட், ஒரு பைட் என்றால் எட்டு பிட். அங்கே 1000 என்று போட்டால் அது 8 எம்பிபிஎஸ், அது போதும். அப்புறம் ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் திறக்கலாம் என்று ஒரு எண் இருக்கும், அதை 200க்குக் கீழே இறக்குங்கள், இன்டர்நெட் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் சின்ன ரூட்டர்களுக்கு அதற்கு மேல் மூச்சு வாங்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மெதுவாக ஓடு, ராத்திரி இஷ்டத்துக்கு ஓடு என்று நேரம் குறிக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. கேம் இறக்கும் ஸ்டீம் மென்பொருளிலும் டவுன்லோடு செட்டிங்ஸில் வேக வரம்பு, அப்டேட் நேரம் இரண்டையும் வைக்கலாம். விண்டோஸும் லேசுப்பட்டது இல்லை, டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பெயரில் அது இறக்கிய அப்டேட்டுகளை ஊரில் யாரோ ஒருவருக்கு உங்கள் லைனில் ஏற்றிக் கொடுக்க முடியும், நாலு லேப்டாப்பிலும் அதைப் பாருங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

“டோரண்ட் தானாவே மத்த வேலைக்கு வழிவிடும்ணா” என்று விவரம் தெரிந்த பையன் ஒருவன் சொல்லக்கூடும். பாதி உண்மை. லெட்பேட் என்றொரு முறை இருக்கிறது, 2012-ல் அதை ஆர்எஃப்சி 6817 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எழுதியும் வைத்துவிட்டார்கள், தாமதம் கூடினால் டோரண்ட் தானே அடங்கிப் போவதற்குத்தான் அது. ஆனால் எல்லா டோரண்ட் போக்குவரத்தும் அந்த வழியில் போவதில்லை, அடங்குவதற்கு முன்னால் அது பொறுத்துக்கொள்ளும் தாமதமே 100 மில்லிசெகண்ட் வரை போகலாம், கேம் டவுன்லோடுக்கோ அந்த மரியாதை எல்லாம் தெரியாது.

செலவு செய்யத் தயார் என்றால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட முடிகிற ஒரு ரூட்டரை வாங்கி, கம்பெனி டப்பாவுக்குப் பின்னால் வைத்து, அதில் எஸ்க்யூஎம் என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியை இயக்குங்கள். நான் பையன்களின் வாக்குறுதியைவிட இதைத்தான் நம்புவேன். 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் அங்கே 85 அல்லது 90 என்று குறைத்து எழுத வேண்டும், ஏற்றும் வேகத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். கையில் இருக்கும் வேகத்தை எதற்கு விட்டுக்கொடுப்பது என்று பையன்கள் கேட்பார்கள். வரிசை கம்பெனிக்காரன் பெட்டியில் நின்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதை உங்கள் ரூட்டருக்கு இழுத்து வந்தால்தான் யாரை முதலில் விடுவது என்று நீங்கள் சொல்லலாம், அதற்குத்தான் இந்தப் பத்துப் பதினைந்து. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் என்ற முறையிலிருந்து வளர்ந்த சங்கதி இது. உள்ளே ‘கேக்’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதையே எடுத்து, கருவிவாரியாகப் பிரி என்று அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் 200 கனெக்‌ஷன் திறக்கும் டோரண்ட் 200 பங்கு கேட்கும், உங்கள் மீட்டிங்குக்கு ஒரே பங்குதான் வரும்.

சாதாரண ரூட்டரிலேயே ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை எம்பிபிஎஸ்தான் என்று பூட்டும் வசதி இருந்தால் அதுவும் ஒரு வழி. எனக்குப் பிடிக்காத வழி. ராத்திரி நீங்கள் தூங்கும்போதும் பையன், பூட்டியது 20 எம்பிபிஎஸ் என்றால், அதிலேயே நிற்க வேண்டும், யாருக்கும் லாபம் இல்லை.

பணத்துக்கு வருவோம். ஒரு ஜிபிக்கு இவ்வளவு என்று கம்பெனி உங்களிடம் கேட்கவில்லை, நீங்கள் எதற்குக் கேட்க வேண்டும்? சமமாகவே பிரியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களில் மாதத்துக்கு 3300 ஜிபி என்று ஒரு எல்லை இருக்கிறது, தாண்டினால் வேகம் படுத்துவிடும். நாலு பேருக்கு அது கடல் மாதிரி தெரியும். 100 எம்பிபிஎஸ் லைனை முழு வேகத்தில் ஒரு நாள் பூராவும் ஓட விட்டால் ஏறக்குறைய 1080 ஜிபி ஆகும், அப்படியென்றால் மூன்றே நாளில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். கம்பெனி ஆப்பில் வாரம் ஒருமுறை கணக்கைப் பாருங்கள், யாருடைய இறக்கத்தால் எல்லை தாண்டியதோ அவர் கூடுதல் டேட்டாவுக்குக் கொடுக்கட்டும் என்று இப்போதே பேசி வையுங்கள், தாண்டிய பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளைகள் கேட்டதால் வீட்டு வைஃபையைக் கொடுத்திருக்கிறேன், மாதம் 200 ரூபாய் தருகிறார்கள். புதுப் படங்களை டவுன்லோடு செய்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். பின்னால் எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வரலாம் அம்மா. யார் இறக்கினாலும் வெளியே தெரிவது உங்கள் கனெக்‌ஷனின் ஐபி முகவரி, அதைப் பிடித்துக்கொண்டு போனால் கம்பெனி ரெக்கார்டில் இருப்பது உங்கள் பெயரும் விலாசமும்தான். டோரண்ட்டில் இறக்குவது என்றால் கூடவே அடுத்தவருக்குக் கொடுப்பதும்தான் என்று மேலே சொன்னேன், அதனால் “பார்க்கத்தான் எடுத்தோம்” என்ற பேச்சு எடுபடாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தெரிந்தே செய்கிறவருக்கும் தெரிந்தே உடந்தையாக இருப்பவருக்கும் அது பொருந்தும், உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. டோரண்ட் என்றாலே திருட்டு என்றும் நினைத்துவிடாதீர்கள், லினக்ஸ் மாதிரி இலவச மென்பொருள்களை அதன் வழியாகவே முறையாகக் கொடுக்கிறார்கள்.

அந்த 200 ரூபாயும் எனக்கு உறுத்துகிறது. வீட்டுக்கென்று வாங்கிய லைனை வெளியாருக்கு விற்கக் கூடாது என்று பிளான் விதிமுறைகளில் பொதுவாகவே இருக்கும், படித்துப் பாருங்கள். பிள்ளைகள் தங்கள் பெயரில் தனிக் கனெக்‌ஷன் எடுத்துக்கொள்வதுதான் சரி, அவர்களும் நாலைந்து பேராகப் பிரித்துக்கொண்டால் அவர்களுக்கும் இதே 200 பக்கம்தான் வரும். அதுவரை கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து அதை மட்டும் கொடுங்கள், உங்கள் வீட்டு டிவி, கேமரா எல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

கேள்வி: தோட்டப்பாளையத்தில் ஐந்து நர்ஸ்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஃபைபர் இல்லை, ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவர்கள் பயன்படுத்துகிறோம். தினமும் 2 ஜிபி காலை பத்து மணிக்கே காலி. யாரும் பெரிதாக எதுவும் பார்ப்பதில்லை.
- வாசகி, வேலூர்

பதில்: நீங்கள் பார்ப்பதில்லை, உங்கள் போன்கள் பார்க்கின்றன. ஹாட்ஸ்பாட்டை உங்கள் போன் வைஃபை என்று நினைத்துக்கொண்டு போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் வீடியோ என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிடக்கூடும். ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு அதை ‘மீட்டர்ட்’ (அளவு பார்த்துச் செலவிட வேண்டிய லைன்) என்று மாற்றுங்கள், ஐபோனில் அதற்கு லோ டேட்டா மோட் என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், யூடியூபை 480-ல் வையுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு இது தற்காலிக ஏற்பாடுதான், அடுத்த ரீசார்ஜுக்கு முன்னால் உங்கள் தெருவுக்கு யார் ஃபைபர் கொடுக்கிறார்கள் என்று கேபிள்காரரிடம் விசாரியுங்கள்.