தங்கக் கலர் கோட்டிங்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும்: கேளுங்க, சொல்றனுங்க

டூல் ஸ்டீல் மேல போடற டைட்டானியம் நைட்ரைடு மாதிரி செராமிக் கோட்டிங்க எஸ்இஎம்-ல, அதாவது ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல, பாக்கறது பத்தி என்ன வேணா கேளுங்க. லேப் ரேட்டு மட்டும் கேக்காதீங்க.

கணபதி: ட்ரில் பிட்டு தங்கமாட்ட மின்னுதுங்க, கோட்டிங் திக்கா இருக்குதுன்னு அர்த்தங்களா?

இல்லீங்க. கலரு நைட்ரஜன் எவ்வளவு சேர்ந்துச்சுங்கறத சொல்லும், திக்னஸ சொல்லாது. அதுக்கு குறுக்கால வெட்டி பேக்லைட்ல மவுண்ட் பண்ணி பாலிஷ் போட்டுத்தான் பாக்கோணும், கோட்டிங்கே 2, 3 மைக்ரான்தான், பாலிஷ்ல ஓரம் உருண்டுக்கும் இல்லாட்டி பொரிஞ்சு கொட்டிக்கும், அதனால வெட்டறதுக்கு முந்தியே மேல நிக்கல் பிளேட்டிங் போட்டுருங்க. இன்னொண்ணு, ஸ்டீல் துண்டுல காந்தம் இருந்தா டீமேக்னடைஸ் பண்ணி இறுக்கி மாட்டுங்க. ஒருக்கா சும்மா கார்பன் டேப்புல ஒட்டுன பஞ்ச் துண்டு, இம்மர்சன் மோடு (லென்ஸோட காந்தப்புலம் துண்டு மேலயே விழற மோடு) போட்டதும் படம் ஒரு ஆட்டு ஆடி காணாப்போச்சு, பாத்தா மேல லென்ஸ்ல போயி ஒட்டிக்கிச்சு.

பெருந்துறை: பாக்கறதுக்கு முந்தி கோல்டு ஸ்பட்டர் (மேல மெல்லிசா தங்கம் பூசறது) பண்ணோணுங்களா?

வேண்டாம், டைட்டானியம் நைட்ரைடு கரண்ட் கடத்தும். கரண்ட் கடத்தாத அலுமினா கோட்டிங்னா மேல கார்பன் போடுங்க, இல்லீன்னா சார்ஜ் ஏறிக்கும்.

குறிச்சி: ஈடிஎஸ் (வர்ற எக்ஸ்ரேய வெச்சு என்னென்ன தனிமம் இருக்குதுன்னு பாக்கறது) ரிப்போர்ட்ல நைட்ரஜன் ரொம்ப கம்மியா வந்துருக்குதுங்க, கோட்டிங் போட்டவர்கிட்ட சண்டைக்கு போலாங்களா?

அவசரப்படாதீங்க. நைட்ரஜனோட எக்ஸ்ரே கோடு 0.39 கேஈவி (எக்ஸ்ரே சக்தியோட அளவு), டைட்டானியத்தோட எல் கோடு 0.45. ஈடிஎஸ்ல ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும், சாஃப்ட்வேர் பிரிச்சு சொல்றது பாதி யூகம்தான். அத வெச்சு பில்ல நிறுத்தாதீங்க.

பீளமேடு: டபிள்யூடிஎஸ்ல (எக்ஸ்ரேய அலைநீளம் வெச்சு இன்னும் நுணுக்கமா பிரிக்கறது) எடுத்தா பிரிஞ்சிருமே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு பயமுறுத்தறீங்க?

முழுசா பிரியாதுங்க! எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. டைட்டானியத்துக்கு இன்னொரு சின்ன கோடு, எல்எல்-னு, கிட்டத்தட்ட 0.395-ல, நேரா நைட்ரஜன் தலைமேலயே விழுது. நைட்ரஜனே இல்லாத டைட்டானியத்துல அத அளந்து வெச்சு கழிச்சாத்தான் நம்பர நம்பலாம்.

பீளமேடு: எங்க லேப்ல கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க.

அப்ப எத வெச்சு கழிச்சாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க, போச்சாது உடுங்க.

கணபதி: மேல வெள்ளை வெள்ளையா குண்டு குண்டா இருக்குது, தூசுங்களா?

ஆர்க் (மின்பொறி) முறையில போட்டதா இருக்கும். டைட்டானியம் உருகித் தெறிச்ச சொட்டுங்க.

திருப்பூர்: கலரு நல்லா தங்கமாட்ட இருக்குதுங்க, அப்ப கோட்டிங் திக்குதானுங்களே?

மொத கேள்விய படிங்க சாமி. துண்டு கொண்டாரப்போ கைல எண்ணெய் இல்லாம பாத்துக்கோங்க, அப்புறம் அந்தக் காந்தம்.