பூட்டி வைக்க ஒரு வீடு

கேள்வி: 1989இல் ஊரைவிட்டு வந்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். ஒரு நாளாவது இது என்னுடைய இடம் என்று தோன்றியதில்லை. சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குப் போனேன். கிடுகு வேலிகள் இருந்த ஒழுங்கையில் இருபுறமும் மதில். துலாக் கிணற்றடியில் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி. இளைஞர்கள் எல்லோரும் கைபேசியும் கையுமாக வெளிநாட்டுக் கதையே பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் ஊர் முழுவதும் ஒரு குடும்பம்போல் இருந்தது. எங்கள் வீட்டில், மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று என் சம்மதத்தோடு நீண்ட காலமாக இருக்கிறது. நல்லவர்கள்தான், ஆனால் எங்கள் ஆட்கள் அல்லர். கூரை ஒழுகுகிறது என்றார்கள். அவர்களை எழுப்பிவிட்டு, வீட்டைப் பழையபடி திருத்திப் பூட்டி வைத்து, வருடத்தில் ஒரு மாதம் போய் நிற்க விரும்புகிறேன். பிள்ளைகள் எதிர்க்கிறார்கள். ஊரைத் தேடும் என் ஏக்கம் பிழையா?

— வாசகர் ஒருவர், ஸ்காபரோ

பதில்: அந்தக் குடும்பத்தை எழுப்பாதீர்கள். நீங்கள் பதில் எதிர்பார்ப்பது கடைசி வரிக்கு என்று தெரிகிறது; ஆனால் அதற்கு முந்தைய வரிகளில் ஒரு குடும்பத்தின் இருப்பிடம் தங்கியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏக்கம் பிழையில்லை. 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு புறப்பட்டவர்களில் ஊர் சலித்துப் புறப்பட்டவரை நான் சந்தித்ததில்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் கரைசேர்த்தார்களே, அவர்களும் சரி, தாயின் தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி நாலு நாடு சுற்றி வந்தவர்களும் சரி, பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று வீட்டார் அனுப்பி வைக்க வந்தவர்கள். அப்படி விட்டுவந்த ஊரை நினைத்து ஏங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுடைய ஏக்கம் தீர்வதற்காக இன்னொருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்ப வேண்டும் என்று வரும்போது, அந்த ஏக்கம் உங்களுக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

வேலியைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கியதற்கு அடுத்த வருடம், கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். ஒழுங்கையில் நின்றுகொண்டு, கிளுவங் கதியாலும் கிடுகும் எங்கே, ஏன் இப்படி மதிலைக் கட்டி ஊரின் வடிவைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தங்கையின் மகளிடம் குறைப்பட்டேன். அவள் கோபப்படாமல் சொன்னாள்: "மாமா, வேலியெண்டால் வருசா வருசம் அடைக்க வேணும். கிடுகு என்ன விலை விக்குது எண்டு உங்களுக்குத் தெரியாது. அடைக்கிற ஆளுக்கு ரெண்டு நாள் கூலி. மதில் ஒருக்காக் கட்டினால் காணும். அப்பாவும் இல்லாத வீட்டில நானும் அம்மாவும் இரவில பயமில்லாமல் படுக்கிறம்." அவளுடைய அப்பா 2006இல் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர், இன்னும் வீடு திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்துக்கு, கணவரின் படத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு என் தங்கை பஸ் ஏறிப் போய்வந்தாள். இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்த ஒழுங்கையில் நின்றபோது என் கண்ணில் பட்டது மதில் மட்டுந்தான். அந்த வெட்கம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

உங்கள் தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு கதை உண்டு. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருப்பதைக் கண்டு, சொந்தக் கிணற்றைத் தொட அஞ்சி, பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்காகச் சனங்கள் குடங்களோடு நின்றார்கள். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் கிணறு கெட்டுப்போவது எத்தகைய அச்சம் என்பது தோட்டக்காரர் வீட்டில் பிறந்த எவருக்கும் விளங்கும். அந்தத் தாங்கி ஏன் அங்கே நிற்கிறது என்று யாரிடமாவது கேட்டீர்களா?

இளைஞர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. அடுத்த வருடம் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகள், ஒரே நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. இதற்கு நடுவில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை கனடாவைப் பற்றிப் பேசினால், அதே வயதில் புறப்பட்டு வந்த நீங்களோ நானோ அதைக் குறை சொல்ல முடியாது.

ஊர் முழுவதும் ஒரு குடும்பம்போல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு எனக்குப் பெரிய வழக்கு இந்த வரியில்தான். உங்களுடைய துலாக் கிணற்றில் யார் அள்ளினார்கள், யார் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நின்றார்கள் என்பதை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். தேநீர்க் கடையில் சிலருக்கு மட்டும் போத்தலில் தேநீர் கொடுத்த காலம் நம் பெற்றோரின் காலம். நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோவிலுக்குள் சாதி பாராமல் எல்லோரையும் விட வேண்டும் என்று 1968இல் சனங்கள் வாசலில் இருந்து போராடி அடிவாங்கினார்கள். அந்தக் குடும்பத்துக்குள் அவர்களையும் எண்ணித்தான் எழுதினீர்களா? 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தவர்கள் போனபோது ஊர் பெரும்பாலும் மௌனமாகவே நின்றது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனங்கள் போரால் இடம்பெயர்ந்து இலட்சக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். நீங்களும் நானும் அந்த இரண்டையும் இங்கிருந்து செய்தியாகத்தான் கேட்டோம். அதனால்தானோ என்னவோ, 1989இல் கண்ட ஊரையே கழுவித் துடைத்து மனத்தில் வைத்திருக்க நமக்கு முடிகிறது. அங்கே இருந்தவர்களுக்கு அது முடியவில்லை.

"எங்கள் ஆட்கள் அல்லர்" என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லவர்கள்தான் என்ற முன்னுரையால் அதன் பொருள் மாறிவிடாது. அந்தக் குடும்பத்தை யார் என்று பார்ப்போம். மயிலிட்டி, இலங்கையின் வடக்கில் உள்ள பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1990 யூனில் அங்கிருந்து ஓடி வந்தவர்கள், உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் இராணுவத்தால் முள்ளுக்கம்பி போட்டு மறிக்கப்பட்ட தங்கள் கரையைக் காணாமலே ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். துறைமுகமும் அதை ஒட்டிய கொஞ்ச நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். எல்லாக் காணிகளும் அதற்குள் அடங்கவில்லை. இருபத்தேழு வருடங்களாக, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய சொந்த ஊரைப் பார்க்க முடியாமல், கடல் தெரியாத ஓர் ஊரில் பிறர் வீட்டில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, அந்த வீட்டின் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் ஏக்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு இடையில் இருந்தது ஒரு சமுத்திரம். அவளுக்கு இடையில் இருந்தது ஒரு காவலரண். தன்னுடைய ஊரைப் பற்றி அவள் உங்களிடம் ஏதாவது சொன்னாளா? கேட்க உங்களுக்குத் தோன்றியிருந்தால், இந்தக் கேள்வியை எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இனி, ஒரு நாளாவது உங்களுடைய இடமாகத் தோன்றாத ஸ்காபரோ. இதை வாசித்தபோது எனக்கு வந்தது வருத்தம். பேஸ்மென்ற் ஒன்றில் எட்டுப் பேர் ஒன்றாக இருந்து முறைவைத்துச் சமைத்ததும், உணவகத்தில் கோப்பை கழுவிய கையோடு இரவு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போனதும், சீட்டுக் காசை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டதும், தொலைபேசி அட்டையின் கடைசி நிமிடத்தில் அம்மாவின் குரல் அறுந்துபோனதும் உங்களுடைய வாழ்க்கை இல்லையா? 2009 மே மாதம் இறுதிப் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நம் சனங்கள் இறங்கி நின்றது எந்த ஊரின் வரலாறு? 2020இல் ஒன்ராறியோவின் முதியோர் இல்லங்களுக்கு இராணுவத்தையே அழைக்கும் அளவுக்கு நிலைமை கெட்டபோது, அங்கே வேலைக்குப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவர்களில் நம் அக்காமாரும் இருந்தார்கள். 2023 யூலையில் ஒரு ரயில் பெட்டி தடம்புரண்டதோடு ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயில் பாதையை மூடிவிட்டார்கள். அதில் வேலைக்குப் போன சனம் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறது. பழைய மாணவர் சங்கத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் கோடைகால ஒன்றுகூடலுக்கும் கூடுகிற நாம், அந்தப் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவருக்காக எத்தனை கூட்டம் கூட்டியிருக்கிறோம்? முப்பது வருடம் உழைத்து வரி கட்டிய இடத்தின் நல்லது கெட்டதில் தலையிடாமல் இருந்துவிட்டு, அது என்னை ஏற்கவில்லை என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

பிள்ளைகள் எதிர்ப்பதை ஊர்ப் பற்று இல்லாமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. வீட்டில் இருக்கும் மனிதர்களை அவர்கள் முதலில் பார்த்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வீடில்லாமல் போனவரின் பிள்ளைகள் இன்னொருவரை வீடில்லாமல் செய்ய மறுப்பது, நீங்கள் அவர்களைச் சரியாக வளர்த்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். மாமரத்தையும் தேர்த் திருவிழாவையும் அவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அந்த பேஸ்மென்ற் நாட்களை, அகதி விசாரணைக்காக இரவலாக வாங்கிப் போட்ட கோட்டை, முதல் பனியில் விழுந்து எழும்பியதை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். அது அவர்களும் கால்வைத்து நடக்கக்கூடிய ஊர்.

வீட்டு விடயத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. காணி உறுதிப் பத்திரம் உங்களுடைய பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியோடு இருப்பவர்கள் பத்து வருடம் அனுபவித்து வந்ததைக் காட்டிக் காணியைத் தங்களுடையது ஆக்கிவிடுவார்கள் என்று நண்பர்கள் யாராவது பயமுறுத்தினால், அதைக் கேட்டு அவசரப்படாதீர்கள். சம்மதத்தோடு இருப்பதும் உரிமையை மறுத்துப் பிடித்து வைத்திருப்பதும் சட்டத்தில் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தில் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு இரு தரப்பும் கையெழுத்திடும் உடன்படிக்கையை எழுதுங்கள். இத்தனை வருடம் இருக்கலாம் என்று அவர்களுக்கும் ஒரு நிச்சயம் வேண்டும். மயிலிட்டியில் அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டிருந்தால் அங்கே வீடு கட்ட என்ன தடை என்று கேட்டறியுங்கள். நீங்கள் போய் நிற்பதற்கு வீட்டின் முன்னறை ஒன்றை ஒதுக்கித் தருவார்களா என்றும் கேளுங்கள். தரமாட்டோம் என்று சொல்லக்கூடியவர்களாக உங்கள் கடிதத்தில் அவர்கள் தெரியவில்லை. ஆடித் திருவிழாக் காலத்தில் போகாமல், கார்த்திகையில், வெள்ளமும் நுளம்பும் உள்ள நேரத்தில் ஒரு மாதம் நின்று பாருங்கள்.

கூரைக்கு இப்போதே காசு அனுப்புங்கள். ஓடுகளை இறக்கி, சிலாகை மாற்றி, திரும்ப வேய்வதற்கு மூன்று கிழமையாவது வேண்டும்; ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டுமானால் ஆவணியில் மேசனைப் பிடிக்க வேண்டும்.