“இப்போதைக்கு வர வேண்டாம்” என்றால் வேலை போய்விட்டதா?

கேள்வி (சுருக்கம்): திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகச் சமையல் வேலை செய்தேன். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் கையில்தான், மாதம் 45,000 ரூபாய். தைப்பொங்கல் முடிந்த கிழமை எலிக்காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் சேர்ந்தேன். முதலாளி எட்டியும் பார்க்கவில்லை. பெப்ரவரி 12ஆம் திகதி என் தம்பியின் தொலைபேசிக்கு, “அக்காவை உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், இப்போதைக்கு வர வேண்டாம்” என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். ஏப்ரல் 20இல் போனால் என் அடுப்படியில் வேறொருவர் நிற்கிறார். முதலாளி வந்ததும் அழைப்பார் என்றார் முகாமையாளர். இன்றுவரை அழைப்பு இல்லை. இப்போது ஜூன் நடுப்பகுதி. ஒரு இலட்சம் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். நோயில் கிடந்தவளை வேலையிலிருந்து நிறுத்தச் சட்டத்தில் இடமுண்டா? களஞ்சிய அறையில் எலி ஓடியதால்தான் எனக்கு இந்த நோய். பொலிஸில் முறையிடலாமா?
– ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்:

சகோதரி, முதலாளியின் மகள் கல்யாணத்துக்கு இரவிரவாகச் சமைத்தது, அவர் வைத்தியசாலைக்குப் பார்க்க வராதது, புதிதாக வந்தவருக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது என்பது எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன். வழக்குக்கு அவற்றில் ஒன்றும் பயன்படாது. நன்றி கெட்டவர் என்பதற்காக, வேலை வழக்குகளைக் கேட்கிற எந்தத் தொழில் நியாய சபையும் ஒருவருக்கு எதிராகக் கட்டளையிடுவதில்லை. எலி விடயத்தையும் தனியே வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற எந்த இடத்திலும் வந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் சொல்லும். அதை உடைக்கப் போனால் உங்கள் நல்ல வழக்கும் சேர்ந்து உடையும். பொலிஸுக்குப் போகவும் வேண்டாம். அது அவர்களுடைய வேலையல்ல. நாள்தான் வீணாகும், உங்களிடம் நாள் அதிகம் இல்லை.

நோயாளியை வேலையிலிருந்து நிறுத்தவே முடியாது என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொந்தத் தேவைகளுக்கு ஆண்டுக்கு 7 நாள் அமைய விடுமுறை தருகிறது, நோய்க்கும் அதற்குள்தான் எடுக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபை பார்ப்பது வேலைநீக்கம் நியாயமானதா, ஒப்புரவானதா என்பதைத்தான். எலிக்காய்ச்சலில் விழுந்து மூன்று மாதத்தில் எழுந்து வந்த ஆறு வருட ஊழியரை ஒரு வார்த்தை கேட்காமல் விலக்கியது நியாயம் என்று நிறுவுவது முதலாளிக்குக் கடினம். நியமனக் கடிதம் இல்லாததும் தடையல்ல. வாய்மொழி ஒப்பந்தத்தில் வேலை செய்தவரும் அந்தச் சட்டத்தில் தொழிலாளிதான்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: உங்களை யார், எந்தத் திகதியில் நிறுத்தினார்?

நீங்கள் “நிறுத்திவிட்டார்” என்று எழுதுகிறீர்கள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. “இப்போதைக்கு வர வேண்டாம்” என்றார். முகாமையாளர் “அழைப்பார்” என்றார். பேச்சில் கேட்டால் இரக்கம், எழுத்தில் வைத்துப் பார்த்தால் கெட்டித்தனம். நாளை சபையில் அவருடைய சட்டத்தரணி எழுந்து, “நாங்கள் இவரை நிறுத்தவில்லை, இவர்தான் வேலையைக் கைவிட்டுப் போனார்” என்பார். முதலாளி வேலைநீக்கத்தையே மறுத்தால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுகிறது. நோயில் கிடந்தவர்கள் தோற்கிற வழக்குகளில் நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். நோயைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை. நோய்க்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். வீட்டில் அழைப்புக்காகக் காத்திருந்தேன் என்றால், அந்தக் காத்திருப்பையே கைவிட்டதற்குச் சாட்சியாக்கிவிடுவார்கள்.

இதற்கு மருந்து உண்டு. வேலையைக் கைவிடுவது என்பதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் இருக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அரச பொறியியல் கூட்டுத்தாபன வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் இருக்கிறது. உங்கள் எண்ணம் அதுவல்ல என்பதை எழுத்தில் வையுங்கள். இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும். எந்த நாளில் வைத்தியசாலையில் சேர்ந்தேன், எந்த நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏப்ரல் 20ஆம் திகதி வேலைக்கு வந்தபோது வேலை தர மறுத்தீர்கள், நான் வேலையை விட்டுப் போகவில்லை. இவ்வளவும் போதும். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணையுங்கள். தபாற்கந்தோர் தருகிற பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கல்யாணக் கதையை அதில் எழுதாதீர்கள்.

அடுத்தது கெடு. வேலைநீக்கத் திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் பதியப்பட வேண்டும். நீங்கள் ஏப்ரல் 20 என்று எண்ணிக்கொண்டு ஒக்டோபர்வரை நேரம் இருக்கிறது என்று இருப்பீர்கள். அவர்களோ சபையில், நிறுத்தவே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, அப்படி நிறுத்தியிருந்தாலும் அது பெப்ரவரி 12ஆம் திகதிக் குரல்பதிவோடு முடிந்தது, காலம் கடந்துவிட்டது என்று அடுத்த வாயால் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான், ஆனால் மாற்று வாதமாக வைக்க முடியும். ஆகையால் வேலைநீக்கத் திகதியை ஏப்ரல் 20 என்றே எழுதுங்கள், பதிவதை மட்டும் ஆகஸ்ட் 11க்கு முன் பதியுங்கள். யூலை முடிவதற்குள் என்றால் நானும் நிம்மதியாக இருப்பேன். அப்போது எந்தத் திகதியைப் பிடித்தாலும் அவர்களால் கெடுவைக் காட்ட முடியாது.

தொழில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் விசாரிக்கிறார்கள் என்று பலர் இருந்துவிடுவார்கள். அங்கே இரண்டு விசாரணைத் தவணை, முதலாளி ஒன்றுக்கு வரமாட்டார், மற்றதற்கு ஆளனுப்புவார், அதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அந்த முறைப்பாடு சபையின் கெடுவை நிறுத்தி வைக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

எந்த வாசலுக்குப் போவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சீசனில் இருபது பேர், மற்றக் காலத்தில் ஒன்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். கேட்க இனிக்கும். ஆனால் முந்தைய 6 மாதச் சராசரியில் 15 பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளியை அது தொடாது. எங்கள் பக்கத்தில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். உங்களுக்குரிய ஆறு மாதத்தில் பெரும்பகுதி கடல் கொந்தளிக்கும் மாரிகாலம், சராசரி பதினைந்தைத் தொடாது என்றே நினைக்கிறேன். அந்த நம்பிக்கையில் ஆணையாளரிடம் மட்டும் போய், சட்டம் பொருந்தாது என்று திருப்பி அனுப்பப்படும்போது சபையின் கதவும் மூடியிருக்கும். சேவைக்காலத்துக்காக வேலை முடியும்போது தர வேண்டிய பணிக்கொடைக்கு அளவுகோல் வேறு: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்கு முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தால் போதும். கடந்த சீசன் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும்.

சீசன் ஊழியர் என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் பார்ப்பார்கள். மாரிகாலத்தில் அரைச் சம்பளம் தந்து அறைகளைத் துப்புரவாக்க வைத்தார் என்ற உங்கள் ஒரு வரி மற்றப் பக்கங்களை விடப் பெறுமதியானது. அந்த மாதங்களில் வவுச்சரில் கையெழுத்திட்டதைப் படம் எடுத்திருக்கிறீர்களா? சமையலறை ஆட்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டைபாயிட் ஊசி போட்டிருப்பார்கள். அந்த அட்டையில் வேலைத்தளத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது தங்கம். வெளிநாட்டு விருந்தினர் யாராவது இணையத்தில் உங்கள் பெயரைச் சொல்லி இடியப்பத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தால் திகதி தெரியும்படி அதையும் பிடித்து வையுங்கள். குரல்பதிவு இருக்கிற தொலைபேசி தம்பியிடம், தம்பி யூலையில் கட்டாருக்குத் திரும்புகிறார் என்கிறீர்கள். அந்தத் தொலைபேசி இங்கே இருக்கட்டும். மற்றொன்றுக்கு அனுப்பிய பிரதியை வைத்து வாதாடுவது தலையிடி.

இனி அந்த ஒரு இலட்சம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, பார்க்காமலே எனக்குத் தெரியும். “எனது சுயவிருப்பில் விலகுகிறேன், எனக்குக் கிடைக்க வேண்டியது யாவும் கிடைத்தது.” அந்த முதல் பாதியில் கையெழுத்திட்டால் வேலைநீக்கமே இல்லாமல் போகும். விலகியவருக்கு நட்டஈடு ஏது? வாசிக்காமல் வைத்தேன், காசு தேவைப்பட்டது என்று பிறகு சொன்னவர்கள் பலர், வென்றவர்கள் சிலர்.

அந்தத் தொகையை உங்களுக்கு வர வேண்டியதோடு ஒப்பிட்டும் பாருங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி ஒரு சதமும் கட்டவில்லை. ஆறு ஆண்டுச் சம்பளத்தைச் சராசரி 35,000 என்று வைத்தால், முதலாளியின் 12 வீதமும் உங்கள் 8 வீதமும் சேர்ந்து 504,000 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதப்படி இன்னும் 75,600. உரிய காலத்தில் கழிக்காத 8 வீதத்தை இப்போது உங்களிடம் கேட்கவும் அவருக்கு உரிமையில்லை. தாமதத்துக்கு 5 முதல் 50 வீதம்வரை மேலதிகக் கட்டணமும் ஏறும். இது சட்டம் சுமத்திய கடன், உங்கள் கையெழுத்தால் கரையாது. ஆறு மாதக் கெடுவும் இதற்கில்லை. திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் தனி முறைப்பாடாக இதைப் போடுங்கள். வேலைநீக்கத்தோடு ஒரே தாளில் எழுத வேண்டாம். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் ஆண்டுக்கு அரைமாதம், ஆறு ஆண்டுக்கு 135,000.

ஆனாலும் சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது. விண்ணப்பம் பதிந்த பிறகு முதல் தவணையிலேயே அவருடைய தரப்பு, “வேலை இருக்கிறது, நாளைக்கே வரட்டும்” என்று சொல்லக்கூடும். அப்போது நீங்கள் “அந்த மனுஷனின் முகத்தில் முழிக்க மாட்டேன்” என்றால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு அங்கேயே முறியும். கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பார்த்தால் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். திரும்பிப் போகத் தயார் என்றால் சபையில் நின்று அதைச் சொல்லுங்கள், மறுநாள் போயும் காட்டுங்கள். முடியாது என்றால் அந்தக் கட்டத்துக்கு விடாமல் காசில் முடியுங்கள். இழுத்தால் சபையில் தவணைகள், தோற்றவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு, அதற்குள் விடுதி கைமாறினாலும் மாறும். சிறுநீரகக் கிளினிக்குக்கு மாதாமாதம் போய்வருகிற ஒருவருக்கு நான்கு வருடம் கழித்து வரும் தீர்ப்பால் என்ன பிரயோசனம்?

சேமலாப நிதியைப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கேட்பது ஆறு மாதச் சம்பளமும் பணிக்கொடையுமாக 405,000. நான்கு மாதத்துக்கு, அதாவது 315,000க்கு இறங்கலாம். தவணைமுறைக்குச் சம்மதிப்பதானால் இணக்கம் சபையில் பதியப்பட்டுக் கட்டளையாக வர வேண்டும், விடுதி முன்கூடத்தில் வைத்து எழுதிய தாளாக அல்ல. எழுத்தில் “விலகுகிறேன்” என்ற சொல் எங்கும் வரக்கூடாது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குக் கிளினிக் கொப்பியோடும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டோடும் போங்கள். யூலை நடுப்பகுதிவரை 315,000க்குக் கீழேயே அவர்கள் நின்றால் பேச்சை நிறுத்த வேண்டாம், விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டுப் பேசுங்கள். அழைப்பாணை கைக்குக் கிடைத்த பிறகு தொகை ஏறுவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.